நாய்க்குப் பூனை சலித்துப்போக வேண்டும்: தத்தெடுத்த நாயைப் பூனை இருக்கும் வீட்டில் பழக்கும் முறை

நாயும் பூனையும் ஒன்றின் மேல் ஒன்று தலைவைத்துத் தூங்கும் படங்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். வீட்டில் பூனை இருக்கும்போது புதிதாக ஒரு நாயைத் தத்தெடுக்கப்போகிறீர்கள் என்றால், முதல் வேலையாக அந்தப் படத்தை மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அப்படி அமைந்தால் அதிர்ஷ்டம். நீங்கள் குறிவைக்க வேண்டிய காட்சி வேறு. பூனை கூடத்தைக் கடந்து போகிறது. படுத்திருக்கும் நாய் தலையைத் தூக்கிப் பார்க்கிறது. "ஓ, இதுவா" என்பதுபோல் மறுபடி தலையைச் சாய்த்துக்கொள்கிறது. அவ்வளவுதான். நாய்க்குப் பூனை சலித்துப்போய்விட்டால் வேலை முடிந்தது.

நட்பை எதிர்பார்ப்பவர்கள் அவசரப்படுகிறார்கள். முதல் நாளே "இதோ பார், உன் தம்பி வந்திருக்கான்" என்று பூனையைத் தூக்கிக்கொண்டு போய் நாயின் மூக்குக்கு நேரே காட்டுகிறார்கள். நானும் ஒருமுறை அதைச் செய்தவன்தான். பூனை என் தோளில் ஏறி முதுகு வழியாகக் குதித்து ஓடியது. நகம் கீறிய தடம் ஆற இரண்டு வாரம் ஆயிற்று. அதற்குள் நாய் ஒரே ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டது: இந்தப் பிராணி ஓடும், துரத்தலாம். அதை மறக்கவைக்க எனக்கு மாதக்கணக்கில் ஆனது.

நாய் ஏன் துரத்துகிறது

பகையால் அல்ல. வேட்டையாடும் விலங்கின் நடத்தையில் ஒரு வரிசை உண்டு: கவனிப்பது, உற்றுப் பார்ப்பது, பதுங்கி நெருங்குவது, துரத்துவது, கவ்வுவது, கடித்துக் கொல்வது. ஓநாயிடம் முழுதாக இருக்கும் இந்த வரிசையை மனிதர்கள் ஒவ்வொரு நாயினத்திலும் ஒவ்வொரு விதமாகக் கூட்டியும் குறைத்தும் வைத்திருக்கிறார்கள். பார்டர் கோலி போன்ற மேய்ப்பு நாய்களிடம் உற்றுப் பார்ப்பதும் பதுங்குவதும் துரத்துவதும் தூக்கலாக இருக்கும். கடைசிப் பகுதி அடங்கியிருக்கும். கிரேஹவுண்டு, கண்ணில் படும் அசைவின் பின்னால் பறப்பதற்கென்றே உருவான இனம். டெரியர்கள் எலி, பெருச்சாளி போன்றவற்றைப் பிடித்து உதறிக் கொல்ல வளர்க்கப்பட்டவை. லாப்ரடார் கவ்வும், ஆனால் கவ்வியதைக் கசக்காமல் கொண்டுவந்து கொடுக்கும். இது பொதுவான போக்குதான். பூனையோடு ஒரே மெத்தையில் படுக்கும் கிரேஹவுண்டும் உண்டு, பூனையைக் கண்டாலே வெறிபிடிக்கும் லாப்ரடாரும் உண்டு. கலப்பின நாயிடம் எது எவ்வளவு இருக்கிறது என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புரிய வேண்டும். ஒன்று, திட்டுவதும் அடிப்பதும் பயன்படாது. பூனை வரும்போதெல்லாம் தனக்கு அடி விழுகிறது என்றுதான் நாய் முடிச்சுப் போட்டுக்கொள்ளும். அப்புறம் வேட்டை ஆசையோடு வெறுப்பும் சேர்ந்துகொள்ளும். இரண்டாவது இதைவிட முக்கியம்: துரத்துவதே நாய்க்குப் பரிசு. பூனை கையில் சிக்க வேண்டும் என்பதில்லை. ஓட்டத்திலேயே இன்பம் கிடைத்துவிடுகிறது. ஒவ்வொரு துரத்தலும் அடுத்ததை உறுதிப்படுத்தும். ஆகவே, கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: முதல் சில மாதங்களில் ஒரு துரத்தல்கூட நடக்க இடம் கொடுக்கக் கூடாது.

நாயைத் தேர்ந்தெடுக்கும்போது

இன்னும் நாய் வீட்டுக்கு வரவில்லை என்றால் பாதி வேலையை இங்கேயே முடிக்கலாம். காப்பகத்திலோ தற்காலிகமாக வைத்திருப்பவரிடமோ "பூனையோடு ஒத்துப்போகுமா?" என்று கேட்காதீர்கள். "போகும்" என்று சொல்வதே எல்லோருக்கும் எளிது. "பூனை இருக்கும் வீட்டில் இது வாழ்ந்திருக்கிறதா, எத்தனை நாள், பூனை ஓடியபோது என்ன செய்தது?" என்று கேளுங்கள். பதில் எவ்வளவு குறிப்பாக வருகிறதோ அவ்வளவு நம்பலாம்.

காப்பகத்தில் ஒரு பூனையைக் காட்டிச் சோதித்தோம், நாய் ஒன்றும் செய்யவில்லை என்பார்கள். நல்ல செய்திதான், ஆனால் உத்தரவாதமில்லை. புது இடத்தின் சத்தத்திலும் பயத்திலும் ஒடுங்கிப்போன நாய் எதையுமே செய்யாது. நாய் மீட்பில் இருப்பவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: பதற்றம் அடங்க மூன்று நாள், வீட்டு நடைமுறை பிடிபட மூன்று வாரம், இது தன் வீடு என்று நம்ப மூன்று மாதம். ஆய்வில் அளந்த எண் அல்ல இது, அனுபவக் கணக்கு. முதல் வாரம் சாதுவாக இருந்த நாய் நான்காவது வாரம் பூனையை முறைக்க ஆரம்பித்தால் திகைக்காதீர்கள். இப்போதுதான் அது தன் சுபாவத்துக்கு வந்திருக்கிறது.

பூனையையோ வேறு சிறு பிராணியையோ கொன்றதாகத் தெரிந்த நாயைப் பூனை இருக்கும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். "பழக்கிவிடலாம்" என்கிற நம்பிக்கைக்கு விலை கொடுக்கப்போவது பூனைதான்.

குட்டி நாய் சுலபமா? பழக்குவது சுலபம், பொறுத்துக்கொள்வது கடினம். பிறந்து மூன்றிலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரை நாய்க்குட்டி தன் உலகில் யார் யார் உண்டு என்பதைப் பதிவு செய்துகொள்கிறது. பூனைக்கு அந்தக் காலம் இன்னும் சீக்கிரம், இரண்டிலிருந்து ஏழு வாரத்துக்குள் முடிந்துவிடும். ஒரே வீட்டில் வாழும் நாய் பூனைகளைப் பற்றி டெல் அவீவ் பல்கலைக்கழகத்தார் 2008இல் வெளியிட்ட ஆய்விலும், பூனை முதலில் வந்த வீடுகளிலும், பூனை ஆறு மாதத்துக்குள்ளும் நாய் ஒரு வயதுக்குள்ளும் சேர்ந்த வீடுகளிலும் உறவு நன்றாக அமைந்ததாகத் தெரிந்தது. ஆனால் எதன் மேலும் பாய்ந்து விளையாடும் குட்டியை மூட்டு வலியோடு இருக்கும் கிழப் பூனையிடம் விடுவது கொடுமை. அப்படிப்பட்ட பூனைக்கு, பெரும்பாலும் தூங்கியே பொழுதைக் கழிக்கும் நடுவயது நாய் மேல்.

நேராக மருத்துவரிடம்

புது நாயை வீட்டுக்குள் விடுமுன் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி நாய்க்கும் பூனைக்கும் இரண்டுக்குமே நடப்பில் இருக்க வேண்டும். தெள்ளுப்பூச்சி இரண்டிடமும் பரவும். அந்தப் பூச்சியை நக்கி விழுங்கினால் நாடாப்புழுவும் வரும். படர்தாமரையும் தொற்றும், உங்களுக்கும் சேர்த்து.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் நின்று சொல்ல வேண்டும். உண்ணி, தெள்ளுப்பூச்சிக்காக நாயின் பிடரியில் விடும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். நாய்க்கு ஒன்றும் செய்யாத இந்த மருந்து பூனைக்கு நஞ்சு. பூனையின் கல்லீரலால் இதை வேகமாகச் சிதைத்து வெளியேற்ற முடியாது. பூனைக்கே தவறிப் போட்டுவிடுவது ஒரு வகை விபத்து. மருந்து போட்ட நாயைப் பூனை உரசுவதும் நக்குவதும் இன்னொரு வகை. எச்சில் ஒழுகுதல், உடல் நடுக்கம், வலிப்பு என்று சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். சந்தேகம் வந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். மருந்து கேட்கும்போதே "வீட்டில் பூனை இருக்கிறது" என்று சொல்லிவிட்டால் மருத்துவர் வேறு மருந்தோ மாத்திரையோ தருவார். பழைய மருந்து மிச்சம் இருந்தால் பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போடுங்கள்.

பூனையின் கண்ணால் வீட்டைப் பாருங்கள்

எல்லோரும் நாயைப் பழக்குவதிலேயே குறியாக இருப்பார்கள். 2018இல் இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாயும் பூனையும் சேர்ந்து வாழும் வீடுகளைப் பற்றி ஆராய்ந்தபோது, உறவு நன்றாக இருப்பதற்கு நாயைவிடப் பூனையின் நிம்மதிதான் பெரிய காரணமாகத் தெரிந்தது. யோசித்தால் இது நியாயமே. பயந்த பூனை ஓடும், ஓடும் பூனையை நாய் துரத்தும். பூனை ஓட வேண்டியதில்லை என்று உணர்ந்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்தது.

பூனைக்கென்று ஓர் அறை ஒதுக்குங்கள். அதில் அதன் தண்ணீர், உணவு, மணல் தட்டு, படுக்கை, நகம் தேய்க்கும் கட்டை எல்லாம் இருக்க வேண்டும். நாய் அந்த அறைக்குள் எப்போதும் போகாது. முதல் மாதம் மட்டும் அல்ல, எப்போதுமே. நாய் வருவதற்கு ஒரு வாரம் முன்னதாகவே பூனையை அங்கே சாப்பிட, தூங்கப் பழக்குங்கள். நாய் வந்த அன்று உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினால் அது சிறை. முன்பே பழகியிருந்தால் புகலிடம்.

வீட்டின் மற்ற பகுதிகளில் உயரத்தில் வழி அமையுங்கள். எந்த முடிவுக்கும் வராதவரை மதில்மேல் பூனை என்கிறோம். உண்மையில் மதில்மேல் இருப்பதுதான் பூனை தெளிவாக எடுத்த முடிவு. அலமாரியின் மேல்தட்டு, சுவரில் அடித்த பலகை, சன்னல் திண்டு என்று கூடத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை தரையில் கால்படாமல் பூனை போக முடிந்தால் மிக நல்லது. குறைந்தது ஒவ்வொரு அறையிலும் நாய் எட்டாத ஓரிடம் வேண்டும். ஒரே வழி உள்ள முட்டுச்சந்துகளை அடைத்துவிடுங்கள். கட்டிலுக்கு அடியில் போய்ச் சிக்கிக்கொண்ட பூனைக்குத் தப்பிக்கும் வழி சண்டை மட்டும்தான்.

மணல் தட்டை நாய் போக முடியாத இடத்தில் வையுங்கள். பல நாய்களுக்குப் பூனையின் கழிவு தின்பண்டம் மாதிரி. அருவருப்பு ஒரு பக்கம், கட்டியாகும் மணலை நிறைய விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும் ஆபத்து இன்னொரு பக்கம். மணல் தட்டில் உட்கார்ந்திருக்கும்போது ஒருமுறை நாய் திடுக்கிட வைத்தாலும் போதும், பூனை அந்தத் தட்டையே வெறுத்து உங்கள் மெத்தையைத் தேர்ந்தெடுக்கும்.

உணவும் தனித்தனி இடத்தில்தான். பூனை உணவில் புரதமும் கொழுப்பும் அதிகம். திருடித் தின்னும் நாய்க்கு வயிற்றுப்போக்கு வரும், சில நாய்களுக்குக் கணைய அழற்சியும் வரலாம். பூனை நாய் உணவையே தின்று வாழ முடியாது. பூனையின் உடலுக்குத் தேவையான டாரின் என்ற சத்து நாய் உணவில் போதுமான அளவு இருக்காது. அது குறைந்தால் இதயத் தசை பலவீனப்படும், விழித்திரை கெடும்.

முதல் வாரம்: பார்வை வேண்டாம், வாசனை போதும்

நாய் வீட்டுக்குள் வரும்போது பூனை தன் அறையில், கதவு சாத்தியபடி இருக்கட்டும். முதல் சில நாள்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே வேண்டாம். மூக்கு தன் வேலையைச் செய்யும். நாயின் படுக்கைத் துணியைப் பூனையின் அறையில் ஓர் ஓரமாகப் போடுங்கள். பூனையின் கன்னத்தில் தடவிய துணியை நாய் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போடுங்கள். பூனை தன் கன்னத்தை எதிலெல்லாம் தேய்க்கிறதோ அதையெல்லாம் தன்னுடையது என்று குறித்துக்கொள்கிறது. அந்த வாசனைதான் அதன் முகவரி. துணியை முகர்ந்துவிட்டு நாய் போய்விட்டால் நன்று. விடாமல் முகர்ந்து, முனகி, கதவைப் பிறாண்டினால் உங்களுக்கு நிறைய நாள் வேலை இருக்கிறது என்று பொருள்.

பிறகு இடம் மாற்றுங்கள். நாயை வெளியே நடக்கக் கூட்டிப் போகும்போது பூனை கூடத்தில் சுற்றட்டும். திரும்பி வருமுன் அதை அறைக்குள் அனுப்பிவிடுங்கள். சாத்திய கதவின் இரண்டு பக்கமும் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் உணவு வைக்கலாம். முதலில் கதவிலிருந்து நன்றாகத் தள்ளி, பிறகு நாளுக்கு ஓரடி நெருக்கி. எந்த இடத்தில் ஏதாவது ஒன்று சாப்பிடத் தயங்குகிறதோ அங்கிருந்து ஓரடி பின்னால் வாருங்கள்.

இந்த நாள்களில் நாய்க்கு மூன்று விஷயம் சொல்லிக்கொடுங்கள். பெயரைக் கூப்பிட்டால் உங்கள் முகத்தைப் பார்ப்பது. "விடு" என்றால் எதன் மேல் கண் இருந்தாலும் அதை விட்டு விலகுவது. பாயில் போய்ப் படுப்பது. பூனை இல்லாத இடத்தில் பத்துக்கு ஒன்பது முறை சரியாகச் செய்யாத நாய் பூனைக்கு முன்னால் செய்யவே செய்யாது. கூடவே நாய் தினமும் நன்றாக நடக்க வேண்டும். ஒரு சின்ன எச்சரிக்கை: பந்தை எறிந்து எறிந்து ஓடவிட்டுக் களைக்க வைத்தால் பூனையைப் பார்க்கும்போது அடங்கியிருக்கும் என்று நினைப்பார்கள். துரத்தும் விளையாட்டு துரத்தும் மனநிலையைத்தான் ஏற்றிவிடும். மெதுவாக, எல்லாவற்றையும் முகர்ந்து முகர்ந்து போகும் நடைதான் நாயை அடக்கும்.

முதல் பார்வை

நாய் கதவடியில் போய் நிற்பதை விட்டுவிட்டது, பூனை வழக்கம்போல் சாப்பிடுகிறது, மணல் தட்டை உபயோகிக்கிறது. இரண்டும் நடந்த பிறகுதான் பார்க்கவிடலாம். சிலருக்கு ஐந்து நாளில் வரும், சிலருக்கு மூன்று வாரம் ஆகும்.

குழந்தைகள் உள்ள வீட்டில் படிக்கட்டை அடைக்கும் கம்பித் தடுப்பு இதற்கு மிகவும் ஏற்றது. முதல் நாள்களில் அதன் மேல் ஒரு துணியைத் தொங்கவிட்டு மெல்ல மெல்ல உயர்த்திக்கொண்டே வரலாம். நாய்க்கு மார்புப் பட்டை மாட்டி, இரண்டு மீட்டருக்கு மேற்படாத வாரைக் கையில் பிடித்திருங்கள். நீண்டு சுருங்கும் வார் வேண்டாம். ஒரு நொடி தாமதித்தால் நாய் ஐந்து மீட்டர் தள்ளி இருக்கும். பூனையைக் கட்டவோ தூக்கவோ கூண்டில் அடைத்து நாய்முன் வைக்கவோ கூடாது. கூண்டில் இருந்தால் பூனைக்குப் பத்திரம் என்று தோன்றும். ஓட வழியில்லாமல் வேட்டை விலங்கின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நிலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பூனை வந்தால் வரட்டும், வராவிட்டால் இன்றைக்குப் பாடம் இல்லை.

பாடம் இப்படித்தான். நாயைத் தடுப்பிலிருந்து தள்ளி நிறுத்துங்கள். பூனை மறுபக்கம் தென்படுகிறது, நாய் அதைப் பார்க்கிறது. பார்த்த அந்த நொடியில் "சபாஷ்" என்று சொல்லி, நாய்க்கு மிகப் பிடித்த தின்பண்டத்தில் கடலை அளவுத் துணுக்கை வாயில் கொடுங்கள். மறுபடி பார்த்தால் மறுபடி "சபாஷ்", மறுபடி ஒரு துணுக்கு. பூனை மறைந்ததும் தின்பண்டமும் நின்றுவிட வேண்டும். இந்த வரிசை முக்கியம்: பூனை முதலில், தின்பண்டம் பின்னால். கவனத்தைத் திருப்புவதற்காகத் தின்பண்டத்தை முன்னதாகவே நீட்டினால் நாய்க்குப் பூனையைப் பற்றி எந்தப் பாடமும் ஏறாது. சில நாளில் ஓர் அதிசயம் நடக்கும். நாய் பூனையைப் பார்த்துவிட்டுத் தானாகவே உங்கள் பக்கம் திரும்பும், "பார்த்துவிட்டேன், எங்கே என் கூலி?" என்பதுபோல். அந்தத் திருப்பம்தான் நீங்கள் தேடிய பொருள். இனி அதற்கு மட்டும் கூலி கொடுங்கள். அப்புறம், திரும்பிப் பார்த்துவிட்டுப் படுத்தால் கூடுதல் கூலி.

மூன்று நிமிடம், ஐந்து நிமிடம் போதும். நாளுக்கு நான்கைந்து முறை செய்யுங்கள். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே என்று நீட்டும்போதுதான் காரியம் கெடும்.

எவ்வளவு தூரம் என்பதை நாயே சொல்லும். பூனையைப் பார்த்தபடியே தின்பண்டத்தை வாங்கித் தின்ன முடிகிறதா, பெயர் சொன்னால் திரும்புகிறதா? அப்படியானால் தூரம் சரி. உடல் விறைத்து, வாய் மூடி, காது முன்னால் வந்து, முன்னங்காலில் பாரம் ஏறி, கண் இமைக்காமல் பார்க்கிறதா? குரைக்கவே இல்லை என்று மகிழாதீர்கள். குரைக்கும் நாயைவிட இந்த அமைதி ஆபத்தானது; உடல் நடுங்கினாலும் மெல்ல முனகினாலும் அதே கதைதான். ஒரு வார்த்தை பேசாமல் நாயைத் திருப்பி நடத்திக்கொண்டு தூரம் போய்விடுங்கள், அடுத்த முறை இன்னும் தள்ளி நின்று தொடங்குங்கள். மாறாக, உடல் தளர்ந்து, வாய் லேசாகத் திறந்து, பார்த்துவிட்டுத் தரையை முகர்வது, முகத்தைத் திருப்பிக்கொள்வது எல்லாம் நல்ல குறிகள்.

"வாலாட்டுகிறதே, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. உயர்த்திய வாலை விறைப்பாக, வேகமாக ஆட்டுவது கிளர்ச்சியின் அடையாளம், நட்பின் அடையாளம் அல்ல. இங்கே இன்னொரு குழப்பமும் இருக்கிறது. இரண்டின் மொழியும் பல இடங்களில் தலைகீழ். பூனை வாலை அடித்துக்கொண்டால் எரிச்சல். வாலைச் செங்குத்தாகத் தூக்கி வந்தால் நலம் விசாரிப்பு. நாய் அப்படி விறைப்பாகத் தூக்கினால் முறுக்கு. முன்னங்காலைத் தாழ்த்திப் பின்பாகத்தைத் தூக்கி நாய் விளையாட்டுக்கு அழைப்பதும் பூனைக்குப் பாய்ச்சலுக்கு முந்தைய பதுங்கலாகவே தெரியும். எதிரியின் முன்னால் மல்லாந்து படுக்கும் பூனை பணியவில்லை; நான்கு காலின் நகங்களையும் தயாராக வைத்திருக்கிறது. நல்ல செய்தி என்னவென்றால், சேர்ந்து வாழும் நாய்களும் பூனைகளும் பெரும்பாலும் ஒன்றின் மொழியை மற்றொன்று கற்றுக்கொள்கின்றன என்று முன்னே சொன்ன 2008 ஆய்வு காட்டியது. நீங்கள் கொடுக்க வேண்டியது அதற்கான காலம்.

பூனை சீறினால் அதட்டாதீர்கள். "கிட்டே வராதே" என்று மரியாதையாகச் சொல்வதற்கு அதனிடம் இருக்கும் வழி அதுதான். சீறியதும் நாய் பின்வாங்கினால் அதையும் பாராட்டுங்கள்.

ஒரே அறையில்

தடுப்புக்கு அருகிலேயே நாய் படுத்து உறங்கும் அளவுக்குச் சலிப்பு வந்த பிறகு, தடுப்பைத் திறக்கலாம். நாய்க்கு வார் உண்டு, பூனைக்கு உயரமும் வெளியேறும் வழியும் உண்டு. நாய் பாயில் படுத்திருக்க, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகம் படியுங்கள். உண்மையாகவே படியுங்கள், நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாரை இறுக்கினால் இதில் என்னவோ இருக்கிறது என்று நாய்க்குப் புரிந்துவிடும். வார் தளர்வாக, ஆனால் கையை விட்டு நழுவாமல் இருக்கட்டும்.

உட்கார்ந்திருக்கும் பூனையைப் பொறுத்துக்கொள்வது எளிய பரீட்சை. நடக்கும் பூனை அடுத்தது. குதித்து இறங்கும் பூனை அதற்கும் மேல். இரவு திடீரென்று வீட்டைச் சுற்றி ஓடும் பூனைதான் கடைசிப் பரீட்சை. ஒவ்வொன்றுக்கும் தனியாகத் தூரத்தைக் கூட்டி, மேலே சொன்ன முறையிலேயே தொடங்க வேண்டும். ஒரு வாரம், பத்து நாள் எந்தச் சிக்கலும் இல்லாமல் போனால் வாரைக் கையிலிருந்து விட்டுத் தரையில் இழுபட விடலாம். அவசரத்தில் காலால் மிதித்து நிறுத்த அது உதவும். நீங்கள் அறையில் இல்லாதபோது அப்படி விடாதீர்கள், எதிலாவது சிக்கிக்கொள்ளும்.

வேட்டை ஆசை தூக்கலான நாய்க்குக் கூடை வடிவ வாய்மூடி பழக்குவதில் தவறில்லை. அதை மாட்டியபடியே வாய் திறந்து மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் முடிய வேண்டும்; இறுக்கிக் கட்டும் துணி வகை கூடாது. தின்பண்டம் காட்டிப் பல நாளில் பழக்க வேண்டும். வாய்மூடி போட்ட நாயும் பாய்ந்து மோதிப் பூனையைக் காயப்படுத்த முடியும் என்பதால், அதை நம்பிப் படிகளைத் தாண்டிவிடாதீர்கள்.

பூனையின் நகத்தை அவ்வப்போது நுனி வெட்டிவிடுங்கள். நாயின் கண்மணியில் பட்ட கீறல் சாதாரணமானதல்ல. பக் போன்ற சப்பை மூக்கும் துருத்திய கண்ணும் கொண்ட நாய்களுக்கு ஆபத்து அதிகம். நாய் ஒரு கண்ணைச் சுருக்கினாலோ நீர் வடிந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். நகத்தையே அறுவை செய்து எடுப்பது வேறு. அது விரலின் கடைசி எலும்பை வெட்டி எடுப்பது. அதைச் செய்யவே வேண்டாம்.

பூனை வாய் திறந்து சொல்லாதவை

இந்த வாரங்கள் முழுவதும் பூனை எவ்வளவு சாப்பிடுகிறது என்பதைக் கவனியுங்கள். ஒரு நாள் முழுதும் ஒன்றும் தின்னவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். பட்டினி கிடக்கும் பூனைக்கு, அதுவும் பருத்த பூனைக்கு, சில நாளிலேயே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகும். மன அழுத்தத்தால் சிறுநீர்ப்பையும் பாதிக்கப்படும். ஆண் பூனை மணல் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராவிட்டால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். அடைப்பு என்றால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. எப்போதும் ஒளிந்தே இருப்பது, மேனியை நக்காமல் விடுவது அல்லது ஒரே இடத்தை முடி கொட்டும்வரை நக்குவது, கண்ட இடத்தில் சிறுநீர் கழிப்பது ஆகியவையும் "எனக்கு இது தாங்கவில்லை" என்று சொல்வதுதான். அப்படியானால் ஒரு படி பின்னால் போங்கள்.

தினமும் பூனையின் அறையில் நாய் இல்லாமல் நீங்கள் மட்டும் கொஞ்ச நேரம் இருங்கள். அதன் கண்ணைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறங்கள். இப்படிச் செய்தால் பூனைகள் பதிலுக்குக் கண்ணைச் சுருக்குவதும், செய்தவரிடம் நெருங்கி வருவதும் அதிகம் என்று 2020இல் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். புது நாயின் அமளியில் எல்லோரும் மறந்துவிடும் ஜீவன் இதுதான்.

மீறிப் போனால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் கதவு சரியாகச் சாத்தாமல் போகும். துரத்தல் தொடங்கிவிட்டால் கத்திக்கொண்டே பின்னால் ஓடாதீர்கள், நாய் அதைத் துணைக்கு வருவதாக நினைக்கும். வார் இழுபடுகிறதென்றால் மிதியுங்கள். இல்லையென்றால் இரண்டுக்கும் நடுவே ஒரு நாற்காலியையோ பலகையையோ தள்ளுங்கள், நாயின் தலைமேல் போர்வையை எறியுங்கள். கையை நடுவில் விடாதீர்கள்.

பிறகு நாயை வேறு அறைக்குக் கொண்டு போய்விட்டு, பூனையை அப்படியே விட்டுவிடுங்கள். பயந்த பூனையைத் தேற்றுவதற்காகத் தூக்கினால் நாய்மீது இருந்த ஆத்திரத்தை உங்கள் கையில் தீர்த்துக்கொள்ளும். விளக்கை அணைத்து, கதவைச் சாத்தி, சில மணி நேரம் தனியே விடுங்கள். நாய் பூனையைக் கவ்வியிருந்தால், ஒரு நொடிதான் என்றாலும், எழுந்து நடந்தாலும், மருத்துவரிடம் கொண்டு போங்கள். வெளியே சின்னப் பல்தடம்தான் தெரியும். உதறியதில் உள்ளே விலா எலும்பும் நுரையீரலும் வயிறும் நசுங்கியிருக்கலாம். பூனை கடித்த காயமும் அப்படியே: ஊசிக் குத்துப் போலத் தெரியும், ஆழத்தில் சீழ் பிடிக்கும்.

தனியே விடுவது எப்போது

வீட்டில் ஆள் இல்லாதபோது இரண்டையும் சேர்த்து விடுவதற்கு அவசரமே வேண்டாம். பல மாதம் பிரித்தே வையுங்கள். வேட்டை ஆசை உள்ள நாய் என்றால் ஆயுளுக்கும் அப்படியே வைப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை. கதவைச் சாத்த ஆகும் நேரம் இரண்டு நொடி. நாய் கூண்டில் இருக்கும்போது பூனை வந்து அதன் முன்னாலேயே உட்கார்ந்து கால் நக்கிக்கொண்டிருக்கவும் விடாதீர்கள். வேடிக்கையாக இருக்கும், ஆனால் எட்ட முடியாத ஏக்கம் நாய்க்குள் ஏறிக்கொண்டே போகும். இரண்டு நாய்கள் இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். தனியே சாதுவாக இருக்கும் இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று தூண்டிவிடும்.

அப்புறம் வெளியே. வீட்டுக்குள் பூனையின் பக்கத்திலேயே படுக்கும் நாய், அதே பூனை தோட்டத்தில் புல்லுக்கிடையே ஓடினால் துரத்தக்கூடும். இடம் மாறினால் நாய்க்குப் பாடமும் மாறும். தெருப் பூனைகளிடமும் இந்தப் பண்பை எதிர்பார்க்காதீர்கள். உங்கள் பூனை சலித்துப்போயிருக்கிறது, பூனைகள் சலித்துப்போகவில்லை.

ஒத்துவராவிட்டால்

மூன்று நான்கு மாதம் முறையாகச் செய்தும், வீட்டின் மறுகோடியிலிருந்தே நாயின் கண் பூனையை விட்டு அகலவில்லை, எந்தத் தின்பண்டமும் எடுபடவில்லை, அல்லது பூனை அறையை விட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டது என்றால், தண்டிக்காமல் பயிற்சி தரும் விலங்கு நடத்தை வல்லுநர் ஒருவரை வீட்டுக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள். மருத்துவரிடமும் பேசுங்கள். பதற்றம் மிகுந்த நாய்க்கோ பூனைக்கோ சில காலம் மருந்து கொடுப்பது உண்டு. பூனைகளுக்கான செயற்கை வாசனைப் பொருள்களும் (ஃபெரோமோன்) சில வீடுகளில் உதவுகின்றன.

அதற்குப் பிறகும் முடியவில்லை என்றால் நாய்க்கு வேறு வீடு பார்ப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பூனை இல்லாத ஒரு வீட்டில் அது நிம்மதியாக வாழும். ஒப்படைக்கும்போது ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எவ்வளவு தூரத்தில் பூனையைக் கண்டால் விறைத்தது, எப்போது துரத்தியது, கவ்வியதா இல்லையா, எந்தச் சொல்லுக்குத் திரும்பியது, என்னென்ன முயன்றீர்கள் என்று. "பூனையோடு ஒத்துப்போகுமா?" என்று நாளை இன்னொருவர் வந்து கேட்கும்போது காப்பகத்தின் கையில் அந்தத் தாள் இருக்கும்.